தபுதாரனின் குரல்: வேலப்பணிக்கன் ஒப்பாரியும் வன்னியின் மனமுறிவுப் பாட்டும்

1. கேள்வி

தமிழில் மனமுறிவுப் பாட்டு என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஆண்குரல். 1980இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’ படத்தின் பாடல்களை எழுதி இசையும் அமைத்தவர் டி. ராஜேந்தர். 2011 நவம்பரில் உலகைச் சுற்றிவந்த ‘கொலவெறி’யைத் தனுஷ் தானே எழுதித் தானே பாடினார், இசை அனிருத். இரண்டுக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள். ஆனாலும் இரண்டிலும் பெண்ணுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றே. ராஜேந்தரிடம் அவள் வாய்திறக்காதவள், தனுஷிடம் கைவிட்டவள். அழுகிற ஆணுக்குப் பக்கத்திலேயே குற்றவாளிக் கூண்டு ஒன்று இருக்கிறது, அதில் அவள் நிற்கிறாள்.

ஈழத்திலும் தானே எழுதிப் பாடுகிறவர்கள் இருந்தார்கள். 1970களின் பொப்பிசை அலையில் நித்தி கனகரத்தினம் தம் பாட்டுகளைத் தாமே கட்டிப் பாடினார். ஏ. ஈ. மனோகரன் அந்த இசையைக் கடல்கடந்தும் கொண்டுசென்றார். பைலாத் தாளத்தில் பிறந்த அந்தப் பாட்டுகளின் இயல்பு துள்ளல். காதல் ஏமாற்றமும் அங்கே கைதட்டுக்குரிய வேடிக்கையாகிவிடும். ஆகவே அந்த வரிசையை இங்கே நான் தொடரவில்லை.

என் கேள்வி வேறு. சினிமாவும் வானொலியும் கசெற்றும் வருவதற்கு முன்னர், துணையை இழந்த ஆண் தன் துயரத்தைப் பாட வன்னிப் பெருநிலத்தில் வடிவம் ஏதாவது இருந்ததா? இருந்தது என்றால் அதில் பெண் எங்கே நிற்கிறாள்? பதிலுக்கு முல்லைத்தீவு மாவட்டத்தின் குமுழமுனைப் பக்கம் போகவேண்டும். வேலப்பணிக்கன் ஒப்பாரி அங்கே கிடைக்கிறது.

2. கதையும் பாட்டும்

வன்னியின் நாட்டார் பாடல்களைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் சில உண்டு: பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, கமுகஞ்சண்டை, சிலம்பு கூறல். அந்த வரிசையில் வேலப்பணிக்கன் ஒப்பாரியும் வரும். மற்றவை வயலையும் விளைச்சலையும் கோயிலையும் சார்ந்தவை. பன்றி பயிரை அழிக்கிறது, குருவி கதிரைக் கொத்துகிறது, தெய்வத்தின் கதை விழாவில் பாடப்படுகிறது. ஒரு வீட்டுக்குள் நடந்த இழப்பைப் பாடுவது இந்த ஒப்பாரி மட்டுமே.

பாட்டைத் தாங்கி நிற்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேலப்பணிக்கன் யானை பிடிக்கும் தொழிலில் வந்தவன். அரியாத்தை அவன் மனைவி. ஊரை அச்சுறுத்திய கொம்பன் யானையை அடக்கும் பொறுப்பு வந்தபோது அந்தக் காரியத்தை முடித்தவள் அவள். யானையைப் பிடித்துக் கட்டிவிட்டாள். அந்தப் புகழைப் பொறுக்காதவர்கள் அவளுக்கு நஞ்சு கொடுத்தார்கள். அவள் இறந்தாள். ஒப்பாரி அந்தச் சாவின் மேல் எழுந்தது.

இந்தக் கதையின் உலகம் கற்பனையானதன்று. வன்னித் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தவர்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் யாழ்ப்பாணத்துக்குப் போன வழியில்தான் யானையிறவு இருக்கிறது. யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் விரிவாக எழுதினார். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்களையே அவர் முக்கியமாகக் குறிப்பிடுகிறார். தோலை முறுக்கிச் செய்த வார்க்கயிற்றுடன் ஓசைப்படாமல் யானையின் பின்னால் நெருங்கி, பின்னங்காலில் சுருக்கிட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவது அவர்களின் முறை. உடல் வலிமையைவிட நுணுக்கமும் பொறுமையும் துணிவும் வேண்டிய வேலை அது. பரம்பரையாகக் கைமாறி வந்த வேலையும்கூட. டெனன்ற் வருணிக்கும் தொழிலை மனத்தில் வைத்துக்கொண்டு கதையைத் திரும்பப் படித்தால் நஞ்சின் காரணம் துலங்குகிறது. ஒரு பெண் யானையைப் பிடித்துவிட்டாள் என்றால், அந்தத் தொழிலின்மேல் கட்டிய ஆண் மதிப்பு முழுவதும் ஆட்டம் காண்கிறது. கொலையை ‘பொறாமை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு தொழிற்குழுவின் மானப் பிரச்சினை அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

3. வீரக் கதையாக வாசித்த வரலாறு

அரியாத்தை இதுவரை பெரும்பாலும் வீரப்பெண்ணாகவே நினைக்கப்பட்டிருக்கிறாள். அருணா செல்லத்துரை இந்தக் கதையைக் கூத்தாக்கி ‘வேழம்படுத்த வீராங்கனை’ என்று பெயரிட்டார். யானையை அடக்கிய செயல்தான் அந்தத் தலைப்பில் நிற்கிறது. வன்னியின் பொதுநினைவு இப்படி அமைந்ததில் வியப்பில்லை. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதும், அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் பிரித்தானியத் தளபதி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றதும் இந்த நிலத்தின் தலைமைக் கதையாகிவிட்டன. சிலைகளும் விழாக்களும் நாடகங்களும் அந்தக் கதையைச் சுற்றியே வந்தன. அடங்காப்பற்று என்று பெயர் வாங்கிய மண், தன் பெண் பாத்திரத்திலும் அடங்காமையைத் தேடியது.

இந்த வாசிப்புக்கு நியாயம் உண்டு. அரியாத்தையின் துணிவைப் பேசாமல் அவளைப் பேச முடியாது. வன்னிப் பெண்களின் உழைப்பையும் திறனையும் மேடையில் நிறுத்த அந்தக் கூத்து வழி திறந்தது. ஆனால் ஒரு விலையும் இருந்தது. ஊர் அவளைப் பற்றிப் பாடி வைத்த வடிவம் ஒப்பாரி. பரணியோ கல்வெட்டோ அவளுக்குக் கிடைக்கவில்லை. வீர வாசிப்பு யானையோடு நின்றுவிடுகிறது; பாட்டோ யானைக்குப் பிறகு தொடங்குகிறது. யானையை அடக்கியவளுக்கு வெற்றிப் பாட்டு ஏன் இல்லை, சாவுப் பாட்டு மட்டும் ஏன் என்பதை வீர வாசிப்பு கேட்பதில்லை.

4. அழுவது யார்?

இந்தப் பாட்டுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. நீண்ட பெயர் ‘வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரில் ஒப்பாரி’. அதன்படி இறந்தவள் அரியாத்தை, பாட்டு அவள் பேரில். அழுகிறவர் யாரென்று தலைப்பு சொல்லவில்லை. தாயாக இருக்கலாம், ஊர்ப் பெண்களாக இருக்கலாம், கதையைக் கேட்டு உருகிய பிற்காலப் புலவராகவும் இருக்கலாம். பேச்சில் நிலைத்த குறுகிய பெயரோ ‘வேலப்பணிக்கன் ஒப்பாரி’. அதைக் கேட்கிறவருக்குக் கணவன் அழுவதாகவே படும்.

குறுகிய பெயரைச் சோம்பலின் விளைவு என்று ஒதுக்கலாம். நீளமான தலைப்பின் முதற்சொல்லை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். எந்தச் சுருக்கத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. அரியாத்தை ஒப்பாரி என்றும் சுருக்கியிருக்கலாம். இறந்தவர் பெயரால் ஒப்பாரியைக் குறிப்பதே இயல்பு. அதற்கு மாறாகத் துயருற்றவன் பெயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. தலைமுறைகள் கடந்து இந்தச் சாவில் ஊர் கண்டது அவன் இழப்பை என்பதற்கு இது வலுவான சான்று.

அடுத்த சிக்கல் கடினமானது. ஒப்பாரி பெண்களின் வடிவம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் செத்தவீட்டில் ஒப்புச் சொல்லி அழுபவர்கள் பெண்கள். பிரேதத்தைச் சுற்றியிருந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, மார்பில் அடித்து, முறை சொல்லி அழுவார்கள். ஆண்கள் முற்றத்தில் இருப்பார்கள். பந்தல், பறை, பாடை, சுடலைக் காரியங்கள் அவர்களுடையவை. ஆண் விம்மலாம், தலையைக் குனிந்து அழலாம், ஒப்புச் சொல்லக்கூடாது. அப்படியிருக்க வேலப்பணிக்கனின் குரல் எந்த வாயில் பிறந்தது?

ஒப்பாரி ஆராய்ச்சியில் தவிர்க்கமுடியாத கருத்து ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் களஆய்வு செய்த இசபெல் கிளார்க்-டெசஸ் 2005இல் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஒப்புச் சொல்லும் பெண்கள் பிணத்தின் முன்னே தங்கள் சொந்த இழப்புகளையே பாடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் மையம். பிறந்தவீட்டுப் பிரிவு, கணவன் கொடுமை, பிள்ளை இல்லாத குறை எல்லாம் இன்னொருவர் சாவில் வாய் பெறுகின்றன. செத்தவீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. ஆயினும் வேலப்பணிக்கன் ஒப்பாரியின் முன்னால் அந்தக் கருத்தை அப்படியே வைக்க முடியாது. இங்கே பாடுகிறவள் தன் துயரத்தைப் பாடவில்லை, அல்லது தன் துயரத்தை மட்டும் பாடவில்லை. ஒரு கணவனின் இடத்தில் நின்று, அவன் மனைவிக்காக அழுகிறாள்.

இதை இரண்டு விதமாக விளக்கலாம். முதலாவது: ஆண் புலவர் ஒருவர் பெண்களின் வடிவத்தைக் கடன் வாங்கிக் கட்டிய பாட்டு இது. இரண்டாவது: பெண்கள் தங்கள் வடிவத்தை ஓர் ஆணுக்கு இரவல் கொடுத்தார்கள். முதல் விளக்கத்தை ஏற்றாலும் ஆணின் துயரம் பெண்ணின் வாய்வழியே வந்தது என்ற உண்மை மாறாது. எனக்கு இரண்டாவது விளக்கம் மேலும் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு பெண் தன் திறமைக்காகக் கொல்லப்பட்ட கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைக்கக் காரணம் யாருக்கு அதிகம்? செத்தவீட்டில் ஒன்றுகூடும் பெண்களுக்கே. தன் மனைவியின் ஆற்றலைக் கண்டு மனம் சுருங்காமல், அவள் போனபின் அவளுக்காக உருகும் கணவனைக் கற்பனை செய்ய விருப்பம் உள்ளவர்களும் அவர்களே. அப்படிப் பார்த்தால் இந்த ஒப்பாரியில் அழும் கணவன், பெண்கள் தங்களுக்கு வேண்டுமென்று எண்ணிய கணவன். கிளார்க்-டெசஸின் வாதம் இங்கே தலைகீழாகி, பிறகு வேறொரு வாசல் வழியே உள்ளே வருகிறது: இறந்தவளுக்கான அழுகைக்குள் பாடுகிறவளின் ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது.

5. தபுதார நிலை

மனைவியை இழந்த ஆணின் நிலைக்குத் தமிழிலக்கணம் மிகத் தொடக்கத்திலேயே பெயர் வைத்துவிட்டது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் இரண்டு துறைகளை அடுத்தடுத்து வைக்கிறது: கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை, மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை. இலக்கணத்தில் இரண்டுக்கும் சம இடம். பாடல்களில் அந்தச் சமம் இல்லை. புறநானூற்றின் 248, 249, 250ஆம் பாட்டுகள் தாபத நிலை என்று குறிக்கப்பட்டுள்ளன. கைம்பெண் உண்ணும் அல்லியரிசியும் அவள் சிறுத்துப்போன உலகமும் அங்கே நுணுக்கமாக வருகின்றன. மனைவியை எரித்துவிட்டு வந்த ஆணின் பாட்டு என்று எடுத்துக்காட்டத்தக்கது 245ஆம் பாட்டு. அதையும் தொகுத்தவர்கள் கையறுநிலை என்ற பொதுத்துறையில் அடக்கினார்கள்.

அந்த 245ஆம் பாட்டு நம் விசாரணைக்கு நேரடியாகப் பொருந்துவது. பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. இழந்தவனும் பாடியவனும் ஒருவனே. கள்ளி படர்ந்த களர்நிலத்தில் விறகு அடுக்கி அவளைக் கிடத்திவிட்டு வந்தவன், தன் துயரம் இவ்வளவு பெரிதாக இருந்தும் தன் உயிரைக் கொண்டுபோகும் வலு அதற்கு இல்லையே என்று நோகிறான். அவள் இறந்தாள், நான் இருக்கிறேன், இது என்ன தன்மை என்ற வியப்பும் வெட்கமும் கலந்த குரல் அது. அடுத்த பாட்டில், 246இல், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கைம்மை உணவையும் பருக்கைக் கல் படுக்கையையும் எண்ணிக் காட்டி, அதைவிடத் தீ எனக்குக் குளிர்ந்தது என்று புறப்பட்டுவிடுகிறாள். இரண்டு பாட்டும் அடுத்தடுத்து நிற்பது தொகுத்தவரின் கைவண்ணம் என்றே நான் நம்புகிறேன். அவளுக்குத் தீயும் நோன்பும் என்று இரண்டு வழிகள் வகுக்கப்பட்டிருந்தன, இரண்டும் கொடியவை. அவனுக்கு வழி எதுவும் வகுக்கப்படவில்லை. உணவு மாறவில்லை, படுக்கை மாறவில்லை, நாளை மறுமணமும் செய்யலாம். சடங்கு தொடாத துயரம் அவனுடையது. ஆகவே வெட்கப்படுகிறான், பாடுகிறான்.

வேலப்பணிக்கனின் நிலை இதைவிடச் சிக்கலானது. மாக்கோதையின் மனைவி எப்படி இறந்தாள் என்று பாட்டு சொல்வதில்லை. அரியாத்தையோ கணவனின் தொழிலை அவனிலும் சிறப்பாகச் செய்ததால் கொல்லப்பட்டவள். உயிரோடிருப்பதன் வெட்கத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. யானை முன் போயிருக்கவேண்டியவன் அவன். கதை அவனை நோக்கி அந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்புவதில்லை. கேட்கிற எவர் மனத்திலும் அது எழாமல் இருக்காது. காதலியைக் குறைகூறும் திரைப்பாட்டுக்கும் இந்த ஒப்பாரிக்கும் உள்ள தூரத்தை இங்கேதான் அளக்கவேண்டும். இந்தக் கதையில் குற்றம் செய்தவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள், அழுகிறவனிடமும் குற்றவுணர்வுக்கு இடம் இருக்கிறது, அவள்மேல் மட்டும் குற்றம் இல்லை. அவள் போனதற்கு அவளையே பழிக்கும் மனமுறிவுப் பாட்டு நம்மிடம் பெருகிக் கிடக்கும்போது, பழிக்காத ஒன்று வன்னியில் முன்னரே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

6. கோயில் பெற்ற துயரமும் பெறாத துயரமும்

குமுழமுனை இருக்கும் அதே கரைதுறைப்பற்றில், நந்திக்கடல் ஓரத்தில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணின் துயரம் அங்கே ஆண்டுதோறும் ஊர்கூடி நினைக்கப்படுகிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். சிலம்பு கூறல் பாடப்படுகிறது. முல்லைத்தீவின் கோவலன் கூத்து இதே நம்பிக்கையின் இன்னொரு முகம்.

ஒரே பற்றில் இரண்டு துயரங்கள்: கண்ணகியின் துயரம் தெய்வமாயிற்று, வேலப்பணிக்கனின் துயரம் பாட்டோடு நின்றது. கண்ணகி கோபம் கொண்டாள், நகரை எரித்தாள், நீதி பெற்றாள். வேலப்பணிக்கன் யாரையும் எரிக்கவில்லை. அரியாத்தைக்கு நஞ்சு கொடுத்தவர்களுக்குக் கண்ணகி கதையில் வருவது போன்ற பெருந்தண்டனை இந்தக் கதையில் இல்லை. நீதி கிடைக்காத சாவுக்கு ஒப்பாரி நீண்டுகொண்டே போகும் என்பதை வன்னி பிற்காலத்தில் தன் உடம்பிலேயே அறிந்தது.

7. போர்க்காலமும் அதன் பின்னும்

1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்கு வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கேட்கக் கிடைத்ததில் இந்தியத் திரைப்பாட்டும் இருந்தது, விடுதலைப் புலிகளின் இயக்கப் பாட்டும் இருந்தது. புதுவை இரத்தினதுரையின் சொற்களும் எஸ். ஜி. சாந்தனின் குரலும் அந்த ஆண்டுகளில் அறியாத வீடு இல்லை. இயக்கப் பாட்டில் அழுகை நிறைய இருந்தது. அழுதவர்கள் பெரும்பாலும் தாய்மார், தோழர், மண். மனைவியை இழந்த தனி ஆண் அந்த அணியில் எளிதில் பொருந்தவில்லை. அவன் இழப்பு பொது இழப்பில் கரையவேண்டியிருந்தது. போரின் அமைப்பு கேட்டது அப்படி. ஆனால் வேலப்பணிக்கன் ஒப்பாரி திறந்துவைத்த இடம் அந்தக் காலத்தில் சுருங்கிப்போனது என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

2009 பெப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரையில், இறந்தவர்களைச் செல் விழுந்துகொண்டிருக்கவே பதுங்குகுழியின் பக்கத்தில் புதைத்துவிட்டு மக்கள் நகர்ந்தார்கள். ஒப்புச் சொல்ல நேரமில்லை, கூடி இருக்க ஆளில்லை, எட்டும் அந்தியேட்டியும் நடக்கவில்லை. பின்னர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம். ‘கொலவெறி’ உலகமெல்லாம் ஒலித்த 2011 நவம்பரிலும் அந்த முகாம் திறந்தே இருந்தது. மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். காதலி கைவிட்டதை வேடிக்கையாகப் பாடிய பாட்டும், புதைத்த இடம் தெரியாமல் மனைவியைத் தேடிய ஆண்களும் ஒரே காலத்தவை.

போருக்குப் பிந்திய ஆய்வுகளும் திட்டங்களும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றி நிறையவே எழுதின, அது தேவையாகவும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் தொடங்கியபோது முன்னுக்கு இருந்தவர்கள் தாய்மாரும் மனைவியரும். அவர்களின் அழுகையில் ஒப்பாரியின் மொழி தெளிவாகக் கேட்டது. மனைவியை இழந்து பிள்ளைகளோடு மீளக்குடியேறிய ஆண்களுக்கு அறிக்கைகளில் தனித் தலைப்பு அரிது. தொல்காப்பியம் பெயர் வைத்தும் பாட்டு குறைவாகப் பெற்ற அதே ஆள் இவர். குடி, மௌனம், அவசர மறுமணம் என்று ஊர் அவரைப் பற்றிப் பேசும். அவர் வாயால் அவர் பேச வடிவம் இல்லை. திரைப்பாட்டில் அவருக்குக் கிடைப்பதோ ஏமாற்றிய பெண்ணைத் திட்டும் சொற்கள். அவரை யாரும் ஏமாற்றவில்லை.

இந்தக் காரணத்தால், வன்னி நாட்டார் பாடல்களை இனிப் பதிவு செய்பவர்கள் வேலப்பணிக்கன் ஒப்பாரியைப் பழம்பொருளாக மட்டும் எடுத்துவைக்கக் கூடாது என்பது என் கருத்து. குமுழமுனையிலும் முள்ளியவளையிலும் அதை அறிந்த மூத்த பெண்களிடம் சொற்களை வாங்குவதோடு, அதை யாரிடம் கேட்டார்கள், எந்தச் செத்தவீட்டில் பாடினார்கள், ஆண்கள் கேட்டபோது என்ன செய்தார்கள் என்பதையும் கேட்கவேண்டும். மனைவியை இழந்த ஆண்கள் அந்தப் பாட்டை அறிவார்களா, அறிந்தால் எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறது என்பதும் அந்தப் பதிவில் சேரவேண்டும். பாட்டின் சொற்களைத் தொகுத்துவிட்டோம், அதை வைத்திருந்தவர்களின் வாழ்க்கையைத் தொகுக்கவில்லை. அந்த மூத்த பெண்களில் பலர் 2009ஐக் கடந்து வந்தவர்கள். இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.